முகாம் முதலில் சேரிக்கு வரட்டும்

எங்கள் தேசூரில் தறி நின்றாலும், வயலுக்குப் போகாவிட்டாலும் அன்றைய கூலி இல்லை. உதிரப்போக்கைக்கூட மறைத்துக்கொண்டு உழைக்கிற பெண்கள், நோய் முற்றிய பிறகே காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறார்கள். இதற்கு 'அறியாமை' என்று பெயர் வைப்பதை நான் ஏற்கவில்லை.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள். 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் முன்வந்தார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது.

பகலில் ஊர்த்தெருவில் முகாம் போட்டுவிட்டு, சேரிப் பெண்கள் வரவில்லை என்று எழுதிக்கொள்வது என்ன நியாயம் தோழர்களே? முதல் முகாம் சேரியில் நடக்கட்டும். வேலை ஓய்ந்த மாலையில், பெண் செவிலியர்களோடு நடக்கட்டும். இதைக் கேட்டு மனு எழுதுவோம், வாருங்கள்.