ஆண்மையா, அடிமையா?

பெசண்ட் நகர்க் கடைகளின் பளபளப்பை ஊரூர் ஒல்காட் குப்பத்து வாலிபர்கள் தினமும் பார்க்கிறார்கள். 1999-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஃபைட் கிளப்' படம் இப்பளபளப்பைச் சாடுகிறதென்று சிலர் புகழுகிறார்கள். அதில் மேஜை நாற்காலி வாங்கி வாங்கிச் சலித்த கார் கம்பெனிச் சிப்பந்தி ஒருவன், நிலவறையில் மற்ற ஆண்களோடு அடித்துக்கொண்டு ஆண்மையைத் தேடுகிறான். (குப்பத்துத் தோழர்களுக்குச் சலித்துப்போகவாவது பண்டம் வேண்டாமா?) பண்ட மோகத்தைக் கண்டிப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கடைக்காரனிடமிருந்து தப்பிய அந்த ஆண்கள் எங்கே போய் விழுகிறார்களென்றால், தலையை மழித்து, பெயரையும் விட்டு, ஒரு தலைவன் காலடியில்! அங்கே முதல் விதி, கேள்வி கேட்கக் கூடாதென்பது. மடாதிபதிகள் சொல்வதும் வேறென்ன? அக்கூட்டத்தில் ஒருவன் போலீஸ் குண்டுக்குச் செத்த பிறகுதான் அவன் பெயர் அவனுக்குத் திரும்பக் கிடைக்கிறது. இதற்குப் பெயர் ஆண்மையாம்!