மண்டபத்தின் சாவி நம் கையில் இருக்க வேண்டும்

அடைமழை பிடித்து மண்சரிவு எச்சரிக்கை வந்தால் லயத்துச் சனம் எங்கே போகிறது? பாடசாலைக்கு, இல்லாவிட்டால் கோவிலுக்கு. வகுப்பறையில் பாய் விரித்தால் பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகிறது. மரணச் சடங்கு, மாதர் சங்கக் கூட்டம், மாலை வகுப்பு எதற்கும் நமக்கென்று பொது இடமில்லை. ஆகவே தோட்டத்துக்கொரு சமூக நிலையம் கேட்கிறோம். அதை மலைக்குக் கேடில்லாமல் கட்டவும் கேட்கிறோம்.

வழி இருக்கிறது. கேகாலை மாவட்டம் அம்பேபுஸ்ஸவில் ஒரு சமூக நூலகம் உண்டு. இளம் இராணுவ வீரர்களுக்குத் தொழில் பழக்கி, இடித்து இறுக்கிய மண்ணால் அதன் சுவர்களை எழுப்பினார்கள். கட்டிடக் கலைஞர் மிலிந்த பத்திராஜ குழுவினரின் இந்த வேலை 2015இல் சர்வதேச விருது பெற்றது. கட்டிடத்தோடு தொழில் தெரிந்த கைகளும் உருவாயின. கொழும்புக் கடைகளை நம்பிப் போகும் நம் பிள்ளைகளுக்கும் அந்தத் தொழில் வேண்டாமா?

“இத்தனை காலம் ஒழுகும் லயத்தில் கிடந்தோம், மறுபடியும் மண் சுவரா?” என்று அம்மாமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இது குடிசைச் சுவர் அல்ல. சல்லடையில் சலித்த மண்ணில் கொஞ்சம் சீமெந்து கலந்து, பலகை அச்சுக்குள் இடித்து இறுக்குவது. கருங்கல் அத்திவாரமும் அகலமான கூரை இறப்பும் இருந்தால் சுவர் நனையாது. சுட்ட செங்கல் தேவையில்லை. சூளைக்கு விறகும் எரிவதில்லை. கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடித்தால் பீலியில் வரிசை குறையும்.

ஆனால் இடம் முக்கியம். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண்ணுக்குள் போனவர்களை நாம் மறக்கவில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வரும்வரை ஒரு மண்வெட்டியும் விழக்கூடாது.

பணத்துக்குப் பிரதேச சபையைக் கேட்போம். தோட்டத்துக்குச் செலவழிக்க முடியாதென்று கைவிரிக்க 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு சாக்காக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டுவிட்டது. இனிச் சாக்குச் சொல்ல விடக்கூடாது.

கடைசியாக ஒன்று. மண்டபம் கட்டிச் சாவியை ஒப்பீசில் தொங்கவிட்டால், கூட்டம் போடவும் துரையிடம் அனுமதி கேட்டுத்தான் நிற்போம். காணி பொதுவுக்கு எழுதப்பட வேண்டும். நிர்வாகக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். சாவி அந்தக் குழுவிடமே இருக்க வேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதி, கையெழுத்து வாங்கிச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புவோம்.