ஒரு சிறு தேசத்தின் புத்தகப் பண்டிகை

கிறிஸ்துமஸ் பண்டிகை நெருங்குகிறது. உலகத்தின் பெரிய பட்டணங்களிலெல்லாம் இம்மாதத்தில் விளக்கலங்காரங்களுக்கும் பலகாரங்களுக்கும் விளையாட்டுச் சாமான்களுக்கும் குறைவிராது. அவற்றைப் பற்றி எழுத நமக்கு விசேஷமான காரணம் ஒன்றுமில்லை. ஆனால் வட அட்லாண்டிக் சமுத்திரத்தில், வடதுருவ வட்டத்தை அடுத்துக் கிடக்கும் ஐஸ்லாந்து என்னும் தீவில் இப்பண்டிகையை ஒட்டி நடந்துவரும் வழக்கமொன்றைக் குறித்து நமது நேயர்கள் சற்றே சிந்திக்க வேண்டுமென்று விரும்புகிறோம். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவு அந்நாட்டார் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் பரிசுகளில் முதன்மை ஸ்தானம் புத்தகத்திற்கே உரியது. அதுவும் பெரும்பாலும் தங்கள் சொந்த பாஷையில் அச்சான புத்தகம். பண்டிகைக்கு முந்திய மாதங்களில் புதிய நூல்கள் கடைகளில் வந்து குவிவதை அவர்கள் ‘யோலபோக்காபுளோத்’ என்கிறார்கள். ‘கிறிஸ்துமஸ் புத்தக வெள்ளம்’ என்பது அதன் பொருள்.

இந்தத் தேசத்தின் அளவு எத்தகையது? இன்றைக்கும் அதன் ஜனத்தொகை நான்கு லட்சத்தை எட்டவில்லை. நமது நாட்டில் ஒரு நடுத்தரமான நகரத்திற்கு ஈடாகும் ஜனங்கள். அவர்கள் பேசும் பாஷையை அத்தீவுக்கு வெளியே பேசுவோர் வெகு சிலரே. இத்தகைய பாஷையில் புத்தகம் எழுதுவோனும், அதை அச்சிடுவோனும், விற்போனும் பிழைத்திருப்பதே அதிசயம். அவர்கள் பிழைத்திருப்பது மாத்திரமன்று, தலை நிமிர்ந்தும் இருக்கிறார்கள். ஹால்டோர் லாக்ஸ்னெஸ் என்ற ஐஸ்லாந்து ஆசிரியர் 1955-ஆம் ஆண்டில் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றார். ரெய்க்யவிக் நகரத்தை 2011-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனம் ‘இலக்கிய நகரம்’ என்று கௌரவித்தது. இவை தற்செயலாக வந்தவையல்ல.

முதலில் அப்பண்டிகைக் காலத்தின் தன்மையைச் சொல்வோம். டிசம்பர் மாதத்தின் பிற்பகுதியில் ரெய்க்யவிக்கில் சூரியன் முற்பகல் பதினொரு மணிக்குமேல் எழுந்து, பிற்பகல் மூன்றரை மணிக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. இந்த நீண்ட இருளை அவர்கள் கதைகளால் நிரப்பியிருக்கிறார்கள். ‘கிரீலா’ என்னும் மலையரக்கிக்குப் பதின்மூன்று குறும்புக்காரப் பிள்ளைகளாம். டிசம்பர் 12-ஆம் தேதி முதல் நாளுக்கொருவராக அவர்கள் மலையிலிருந்து இறங்கி வருவர். ஒருவன் கதவை அறைந்து சாத்துவான். ஒருவன் பாத்திரத்தை நக்குவான். மற்றொருவன் மெழுகுவர்த்தியைத் திருடுவான். குழந்தைகள் சன்னலில் பாதரட்சையை வைத்துவிட்டு உறங்கினால், விடியற்காலையில் அதில் சிறு பரிசு இருக்கும். பண்டிகைக்குப் புத்தாடை கிடைக்கப் பெறாதவரை ஒரு பெரும் பூனை தின்றுவிடும் என்றும் ஒரு கதையுண்டு.

23-ஆம் தேதி புனித தோர்லாகூரின் திருநாள். அன்று புளிக்க வைத்த திருக்கை மீனை உண்பது பலருக்கு வழக்கம். அதன் நெடி தெருவெங்கும் வீசும். அன்றைய தினம் அரசாங்க வானொலியில், நாட்டின் மூலைமுடுக்குகளிலுள்ள குடும்பங்கள் உற்றார் உறவினருக்கு அனுப்பும் வாழ்த்துக்களை மணிக்கணக்காக வாசிக்கிறார்கள். 24-ஆம் தேதி மாலை சரியாக ஆறு மணிக்கு ஆலயமணி ஒலிக்கிறது, பண்டிகை பிறக்கிறது. குடும்பத்தார் கூடியிருந்து கத்தியால் கோலமிட்டுப் பொரித்த மெல்லிய இலை ரொட்டியும், புகையிட்டுப் பதப்படுத்திய ஆட்டிறைச்சியும் பண்டிகை நாட்களில் உண்ணப்படுகின்றன. 24-ஆம் தேதி இராப் போஜனம் முடிந்ததும் பரிசுகள் பிரிக்கப்படுகின்றன. புத்தகம் பெற்றோர் பலர் அதை எடுத்துக்கொண்டு படுக்கைக்குப் போய்ப் பின்னிரவு வரையில் படிக்கின்றனர்.

இவ்வழக்கம் புராதனமானது என்று எண்ணிவிடலாகாது. இது இரண்டாவது உலக யுத்தத்தின் தட்டுப்பாட்டில் பிறந்த குழந்தை. 1940 மே மாதம் 10-ஆம் தேதி பிரிட்டிஷ் துருப்புக்கள் அத்தீவில் வந்திறங்கின. மறு வருஷம் அமெரிக்கப் படைகள் அவற்றின் இடத்திற்கு வந்தன. படைகளின் வேலையால் ஜனங்களின் கையில் பணம் புழங்கியது. ஆனால் அந்நிய சாமான்களின் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தபடியால், பணத்தைக் கொடுத்து வாங்கக் கடைகளில் சரக்கில்லை. காகிதத்திற்கு மட்டும் அத்தனை நிர்ப்பந்தமில்லை. ஆகவே உள்நாட்டில் அச்சான புத்தகமே கொடுக்கத்தக்க பரிசாயிற்று. 1944 முதல் பதிப்பாளர்களின் சங்கத்தார் அவ்வாண்டின் புதிய நூல்களுக்கெல்லாம் ஒரு ஜாபிதா வெளியிடலாயினர். பல்லாண்டுகளாக அது வீடுதோறும் இலவசமாக அனுப்பப்பட்டு வந்தது. குடும்பத்தார் அதைச் சுற்றி உட்கார்ந்து, தமக்கு வேண்டிய நூல்களைக் குறித்து வைப்பது பண்டிகையின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது.

அதே 1944-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் தேதியன்று ஐஸ்லாந்து டென்மார்க்கு மன்னரோடிருந்த கடைசித் தொடர்பையும் அறுத்துக்கொண்டு குடியரசாயிற்று என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அப்போது அந்நாட்டின் ஜனத்தொகை ஏறக்குறைய ஒன்றேகால் லட்சமே. சுதந்திரம் வந்த ஆண்டிலேயே புத்தக ஜாபிதாவும் வீட்டு வாசலுக்கு வந்தது. இவ்விரண்டுக்கும் நேரான சம்பந்தமில்லை என்று ஒருவர் வாதிக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை.

தட்டுப்பாடு எத்தனையோ நாடுகளில் இருந்தது. எல்லா நாடுகளிலும் அது புத்தகப் பண்டிகையாக விளையவில்லை. இங்கே விளைந்ததற்குக் காரணம், நிலம் முன்னரே உழப்பட்டிருந்ததுதான். குளிர்கால இரவுகளில் குடியானவர் வீட்டின் பொது அறையில் அனைவரும் கூடி, கம்பளி சிக்கெடுத்தும் நூல் நூற்றும் வேலை செய்துகொண்டிருக்க, ஒருவர் மட்டும் விளக்கருகில் அமர்ந்து பழைய வீரர் சரிதைகளை உரக்க வாசிப்பார். இதற்கு ‘மாலை விழிப்பு’ என்று பெயர். கதை முடிந்தபின் வேத வாசகமும் உண்டு. நம் கிராமங்களில் திண்ணையில் பாரதமும் இராமாயணமும் வாசிக்கக் கேட்ட முதியோருக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது. எரிமலை வெடித்து, 1783-க்குப் பின்வந்த பஞ்சத்தில் ஜனங்களில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கினர் மாண்ட காலத்திற்குப் பிறகும் இவ்வழக்கம் நின்றுபோகவில்லை. ‘புத்தகமில்லாதவன் குருடன்’ என்பது அவர்களது பழமொழி.

அரசியலிலும் பாஷையே அவர்களுக்கு ஆயுதமாயிற்று. 930-ஆம் ஆண்டில் தோன்றிய அவர்களது ஜனசபையை அந்நிய அரசாங்கம் 1800-இல் கலைத்தது. அதன் பின்னர்த் தேசியத் தலைவராக விளங்கிய யோன் சிகுர்த்சன் துப்பாக்கி ஏந்தியவரல்லர்; கோபன்ஹேகனில் பழைய தோற்சுவடிகளை ஆராய்ந்த பண்டிதர். 1841 முதல் அவரும் நண்பர்களும் நடத்திய பத்திரிகையே அவரது படை. அவர் பிறந்த நாளாகிய ஜூன் 17-ஐயே அந்நாட்டார் குடியரசுத் திருநாளாகத் தேர்ந்துகொண்டனர். சுதந்திரம் பெற்றதும் அவர்கள் டென்மார்க்கிடம் விடாப்பிடியாகக் கேட்டது எது? பொன்னுமன்று, பூமியுமன்று, கோபன்ஹேகனிலிருந்த தங்கள் முன்னோரின் சுவடிகள்! 1971 ஏப்ரல் 21-ஆம் தேதி அவற்றுள் தலைசிறந்த இரண்டு, கடற்படைக் கப்பலொன்றில் ரெய்க்யவிக் துறைமுகம் வந்தபோது ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடி வரவேற்றனர். ஒரு தேசம் இரண்டு புத்தகங்களை அரசரை எதிர்கொள்வதுபோல் எதிர்கொண்டது.

புதிய பொருள்களுக்கும் அவர்கள் பழைய வேர்களிலிருந்தே பெயரிடுகிறார்கள். தொலைபேசிக்கு ‘நூலிழை’ என்ற பொருளுடைய மறந்துபோன சொல்லைப் புதுப்பித்தார்கள். கணிப்பொறிக்கு ‘எண்’, ‘குறி சொல்பவள்’ என்னும் இரு சொற்களைக் கோத்து ‘டோல்வா’ என்று பெயர் வைத்தார்கள். கலைச்சொல் ஆக்கம் வீண் வேலை என்று நம்மிடையே ஏளனம் பேசுவோர் இதைக் கவனிப்பாராக.

தமிழருக்கும் இத்தேசத்திற்கும் தொடர்பேயில்லை என்று நினைத்தல் வேண்டா. 1602-இல் ஐஸ்லாந்தின் வர்த்தகத்தை ஏகபோகமாக்கிக் குடிகளை வருத்திய நான்காம் கிறிஸ்தியன் மன்னரின் ஆட்சியிலேதான், தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதி பெற்றுத் தரங்கம்பாடியில் 1620-இல் டேனியர் கோட்டை எழுந்தது. அக்கோட்டையில் ஊழியம் செய்ய 1622-இல் கப்பலேறியவர்களுள் யோன் ஓலாப்சன் என்ற ஐஸ்லாந்துக்காரர் ஒருவர். அங்கே வெடிவிபத்தில் காயமுற்றுத் தாய்நாடு திரும்பிய அவர், 1661-இல் முதுமைப் பருவத்தில் தாம் கண்டவற்றைத் தமது பாஷையில் எழுதிவைத்தார். அது அச்சேற 1908 வரையில் காத்திருந்தது. அதுகாறும் ஜனங்கள் கையாலேயே பிரதி செய்து அதைக் காத்தார்கள். ஒரு சாதாரணச் சிப்பாய் நமது கடற்கரையைப் பற்றி எழுதிய குறிப்பைக் கூட அழியவிடாத ஜனங்கள் அவர்கள்!

இவ்வழக்கத்தின் குறைகளையும் மறைக்க வேண்டுவதில்லை. ஆண்டு முழுவதற்குமான வியாபாரத்தில் பெரும் பங்கு இரண்டு மூன்று மாதங்களிலேயே நடந்தால், அந்தச் சமயத்தில் கண்ணில் படாத நல்ல நூல் மூலையில் முடங்கும். பரிசாக வந்த புத்தகங்களெல்லாம் படிக்கப்படுகின்றன என்றும் சொல்வதற்கில்லை. வெளிநாட்டார் சிலர் எழுதுவது போல ஒவ்வொரு வீட்டிலும் அனைவரும் விடிய விடியப் படிக்கிறார்கள் என்பது கற்பனை கலந்த செய்தி. அதனினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. கைப்பேசி வழியாகவும் திரைப்படங்கள் வழியாகவும் ஆங்கிலம் குழந்தைகளின் அறைக்குள்ளேயே புகுந்துவிட்டது. 2012-இல் ஐரோப்பிய பாஷைகளை ஆராய்ந்த அறிஞர்கள், கணிப்பொறி யுகத்தில் ஆபத்துக்குள்ளானவற்றுள் ஐஸ்லாந்து பாஷையையும் சேர்த்தனர். அபாயத்தை உணர்ந்து அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. தாய்மொழியில் நூல் வெளியிடுவோருக்குச் செலவில் நூற்றுக்கு 25 பங்கைத் திருப்பித்தரும் சட்டம் 2019 முதல் அமலில் இருக்கிறது. டென்மார்க்கின் ஆதிக்கத்தை வென்ற பாஷை, சாளரத்தின் வழியே வரும் இப்புதிய ஆதிக்கத்தை வெல்லுமா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். ஆனால் வருஷத்தில் ஒரு முறையாவது ஒவ்வொரு பிள்ளையின் மடியிலும் தாய்மொழிப் புத்தகமொன்றை வைக்கும் வழக்கம், சட்டங்களைக் காட்டிலும் பலமான கோட்டை என்பது நமது துணிபு. சட்டத்தை அரசாங்கம் மாற்றலாம். பண்டிகையை யார் மாற்றுவது?

நமது நிலைமை என்ன? ஐஸ்லாந்து பாஷையில் புதிய ஏற்பாடு 1540-இல் அச்சாயிற்று. 1578-இலேயே கொல்லத்தில் தமிழ் நூல் அச்சேறிவிட்டது. அச்சில் நாம் அவர்களுக்கு முப்பத்தெட்டு ஆண்டுகளே இளையவர்கள். ஜனத்தொகையிலோ பலநூறு மடங்கு பெரியவர்கள். எனினும் ஆயிரம் பிரதிகள் விற்றுத் தீர ஆண்டுக்கணக்காகிறது என்று தமிழ்ப் பதிப்பாளர்கள் அங்கலாய்க்கிறார்கள். மொழிக்காக மேடையேறி முழங்குகிறோம், ஊர்வலம் போகிறோம், வீடு திரும்பியதும் நம் குழந்தைகளின் கையில் தமிழ்ப் புத்தகம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. இந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொள்கிறோம்.

இதற்கான வித்து நம்மிடம் இல்லாமலில்லை. தீபாவளி மலர்களை எதிர்பார்த்துக் காத்திருந்து படித்த தலைமுறைகள் நமக்குண்டு. சென்னையில் 1977 முதல் நடந்துவரும் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டியே பெரும்பாலும் கூடுகிறது. ஆகவே நாம் கோருவது புதிய பண்டிகையன்று. கிறிஸ்தவ நேயர்கள் இந்தக் கிறிஸ்துமஸுக்கும், ஏனையோர் வரும் பொங்கலுக்கும், வேட்டி சேலையோடு வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு தமிழ்ப் புத்தகம் வாங்கிக் கொடுக்க வேண்டும். பண்டிகை இரவில் ஒரு மணி நேரமேனும் ஒருவர் படிக்க மற்றவர் கேட்க வேண்டும். இதற்குத் தலைவர்களின் உத்தரவு வேண்டியதில்லை. நிதி திரட்ட வேண்டியதில்லை. ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவு போதும். நான்கு லட்சம் பேர் இல்லாத தேசம் இதைச் செய்கிறது. கோடிக்கணக்கான நாம் செய்ய மாட்டோமா?