சரக்கில்லாத வியாபாரம்

தொலைக்காட்சித் தொடர்தான் இன்றைய காப்பியம் என்று நம்மவர்களிலேயே சிலர் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். சிலப்பதிகாரத்திலும் வணிகக் குடும்பம், இரண்டாவது பெண் எல்லாம் இருக்கிறதாம். பரல் மாணிக்கமா முத்தா என்பதில்தான் அங்கே வழக்கே தீர்கிறது என்பது மட்டும் இவர்களுக்குச் சௌகரியமாக மறந்துவிடுகிறது.

2003 முதல் 2009 வரை சன் தொலைக்காட்சியில் வந்த, திருச்செல்வம் இயக்கிய 'கோலங்க'ளையே எடுத்துக்கொள்வோம். 1500 பகுதிகளுக்கு மேல். அபி கட்டடத் தொழில் செய்கிறாள். அவளை ஒழித்துக்கட்ட நிற்கும் ஆதி, அவள் தகப்பனாரின் இன்னொரு குடும்பத்துப் பிள்ளை. பெண் ஒருத்தி தொழில் நடத்துவதைக் காட்டினார்கள், வாஸ்தவம். ஆனால் என்ன தொழில்? செங்கல் விலையோ கொத்தனார் கூலியோ வட்டியோ அந்தப் பகையை நகர்த்துவதில்லை. ரத்த உறவு நகர்த்துகிறது. ரகசியம் என்பதும் ஒரு வாக்கியத்தில் சொல்லி முடிக்கக்கூடியதுதான். சொல்ல வருகிறவரின் வாயை அடைத்து அடைத்து மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். இதற்குப் படைப்பு மனம் எதற்கு? விளம்பர இடைவேளை போதும்.

இந்த வியாபாரக் கதையை நிஜமாகவே விற்று வாங்குகிறவர்கள் நடுவிலும் பார்த்திருக்கிறேன்: கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில், அரசு இலவசமாகத் தந்த பெட்டியில். வாசலில் மரவள்ளி மூட்டைகள். சாமை விளைந்த காடுகளைப் பிடித்துக்கொண்ட பயிர் அது. கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போவது. கிழங்கில் மாவு எத்தனை 'பாயிண்ட்' என்று அங்கே அளந்து சொல்வதை வைத்துத்தான் விலை. பாயிண்ட் குறைந்தால் வண்டி வாடகை கழித்து மிஞ்சுவது சொற்பம். வீட்டுக்காரருக்கு வியாபார ரகசியம் என்று ஒன்று உண்டென்றால் அது அந்த அளவையில் இருக்கிறது. திரையில் கோடிகள் கைமாறியபோது, "அது அவங்க வீட்டுச் சண்டைங்க" என்றார். இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நம் பத்திரிகைகளில் நான் படித்ததில்லை.

இதே கொல்லிக்காகவும் ஒரு பகை நடந்தது. காரி ஓரியைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். அகநானூற்றில் கல்லாடனார் இதைப் பிரிவைச் சொல்லும் பாட்டொன்றில் போகிறபோக்கில் சில வரிகளில் சொல்லிவிடுகிறார். எதையும் ஒளித்துவைக்கவில்லை. அந்தச் சில வரிகளுக்குள் மலையின் பலாமரத்துக்கு, அதன் சிவந்த வேருக்குக்கூட இடமிருக்கிறது. கைமாறியது இன்னது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. காப்பியம் என்கிறவர்கள் அந்த 1500 பகுதிகளிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்துக் காட்டட்டும்.