முப்பது நாள் கணக்கு

ஆடி வெள்ளியில் எங்கள் படவேடு ரேணுகாம்பாள் கோயிலில் கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் யாராவது ஒரு தாய் வெள்ளிக் கண்மலரை உண்டியலில் போடுவதைப் பார்த்தால், எனக்கு வேலூர் கண் ஆஸ்பத்திரியில் பார்த்த ஒரு ஜோடிதான் நினைவுக்கு வரும்.

என் பேத்தி 31 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1,400 கிராம். மூன்று வாரம் இன்குபேட்டரில் இருந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டின் அடியில் ஆங்கிலத்தில் மூன்று எழுத்து, பக்கத்தில் ஒரு தேதி. என்ன, ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. என் மனைவியோ, "முப்பது நாள் ஆகாம பச்சப் புள்ளைய வாசப்படி தாண்ட விடமாட்டேன்" என்றாள். மகள் பிடிவாதமாக 27-ஆம் நாள் கிளம்பினாள். அன்று அவளைத் திட்டியவர்களில் நானும் ஒருவன்.

அங்கே வரிசையில் எங்கள் பக்கத்தில் ஜவ்வாது மலையிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி. அதுவும் குறைமாதக் குழந்தைதான், ஆனால் நான்கு மாதம் ஆகியிருந்தது. உள்ளே போய் வந்த தகப்பன், குழந்தையின் முகத்தை என் பக்கம் திருப்பி, "கண்ணு நல்லாத்தானே சார் இருக்குது?" என்று கேட்டான். நல்லாத்தான் இருந்தது. அதுதான் இந்த நோயின் சூது.

விழித்திரையின் ரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து ஓரம் நோக்கி வளர்ந்து, பத்து மாதம் நிறையும் சமயத்தில்தான் முடிகின்றன. முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு அந்த வளர்ச்சி பாதியில் நின்று, பிறகு கோணல்மாணலாகக் கிளைக்கலாம். சில குழந்தைகளுக்கு அது விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பாப்பாவில் வெள்ளையாகத் தெரியும் நேரத்தில் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். 2 கிலோவுக்குக் குறைவான எடையிலோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் முதல் பரிசோதனை வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் சீக்கிரம். முற்றியது தெரிந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் வைத்தாக வேண்டும்.

1996-இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29-ஆம் வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கண்ணைப் பரிசோதிக்கவில்லை, பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. பார்வை போயிற்று. தகப்பனார் விடாமல் வழக்காடி, 2015-இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கியது. பத்தொன்பது வருஷம்!

தீர்ப்பு வந்தபின் ஆஸ்பத்திரிகள் சீட்டில் தேதி போடுகின்றன. போட்டால் போதுமா என்பதுதான் என் கேள்வி. பிரசவமானவள் தாய் வீட்டுக்குப் போகிறாள், அது மலைமேல் ஒரு குக்கிராமம். ஆஸ்பத்திரி சொல்லும் முப்பதுக்குள் என்பதும், பாட்டி சொல்லும் முப்பதுக்கு அப்புறம் என்பதும் மோதினால் பாட்டிதான் ஜெயிப்பாள். பாட்டியைக் குறை சொல்லமாட்டேன். அந்தப் பழக்கம் பச்சைக் குழந்தையைக் காப்பாற்ற வந்தது. அவளை உட்காரவைத்துத் தமிழில் சொல்லாதவர்கள்தான் குற்றவாளிகள்.

கர்ப்பிணிக்குப் பிக்மி எண் கொடுத்துப் பதிவு செய்கிறோம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் எல்லா விவரமும் இருக்கிறது. 2021 முதல் சர்க்கரை மாத்திரையே வீடு தேடி வருகிறது. குறைமாதக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இருபதாம் நாள் ஒருவர் போய், 'நாளைக்குக் கண் பார்க்கணும், வண்டி வரும்' என்று பாட்டியிடம் சொல்ல முடியாதா? கர்நாடகத்தில் 2008-லிருந்து பயிற்சி பெற்ற பணியாளர்கள் கேமராவோடு கிராமப்புற ஆஸ்பத்திரிகளுக்கே போய் விழித்திரையைப் படம் எடுக்க, பெங்களூரில் மருத்துவர் பார்த்துச் சொல்கிறார். மலையடிவாரத்து ஆஸ்பத்திரிகளுக்கும் அப்படி ஒரு கேமரா வரட்டும்.

என் பேத்திக்கு லேசர் தேவைப்படவில்லை. நான்கு முறை போய்வந்ததோடு சரி. இப்போது இரண்டாம் வகுப்பு, கண்ணாடி போட்டிருக்கிறாள். அந்த மலைக் குழந்தைக்கும் அதே வயதுதான் இருக்கும்.