சாமிக்குப் பூட்டு! பக்தனுக்குத் திருநீறா?

கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் கோவில் பங்குனித் தேரோட்டமானாலும், கழுகுமலைப் பங்குனி உத்திரமானாலும், ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடியானாலும், அங்கே பக்தர்களோடு பக்தர்களாக ஜேப்படிக்காரர்களும் வந்து சேருகிறார்கள் என்பது யாவரும் அறிந்த சங்கதியேயாகும். "நகைகளைப் பத்திரமாகப் பார்த்துக் கொள்ளுங்கள்" என்று போலீசாரின் ஒலிபெருக்கி தொண்டை கிழியக் கத்துகின்றது. "அம்மன் பார்த்துக் கொள்ளுவாள்" என்று நம் ஜனங்கள் மனதிற்குள் சொல்லிக் கொள்ளுகிறார்கள். இவ்விரண்டில் எதை நம்புவது என்பதுதான் நமது கேள்வி.

பணக்காரச் சீமாட்டியின் சங்கிலி போனால் போனது சங்கிலி மாத்திரமே. நம் கரிசல்காட்டுப் பெண்ணின் சங்கிலி அப்படிப்பட்டதல்ல. புரட்டாசியில் மேகத்தை அண்ணாந்து பார்த்துக் கொண்டு விதைக்கிற காலத்தில், விதைக்கும் உரத்திற்குமாக அடகுக்குப் போவது அதுதான். மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும் தை, மாசியில் வீடு வந்து, விற்ற காசில் வட்டியைக் கட்டி மீட்ட பிறகே அது மறுபடியும் கழுத்தில் ஏறுகின்றது. காடில்லாதவளுக்கோ தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் சீட்டுக் கட்டிச் சேர்த்த சங்கிலி. மீட்டு வந்த சூடு ஆறுவதற்குள் பங்குனி வந்துவிடுகின்றது. ஆறு மாதம் அடகுக்கடைப் பெட்டியில் பத்திரமாயிருந்த நகை, வெளியில் வந்த மறு மாதமே தேர்க்கூட்டத்தில் பறிபோனால் அந்தக் குடும்பத்திற்கு அடுத்த வருஷ விதைப்பே போயிற்று என்று அர்த்தம்.

திருட்டு என்பதும் ஒரு தொழில்தான். முன்னாளில் ஜனங்கள் காசை மடியிலும் முந்தானையிலும் முடிந்து வைத்தார்கள். அவனுக்கு முடிச்சவிழ்க்கி என்று பெயர் வந்தது. பிறகு சட்டைப்பை வந்தது, ஜேப்படி வந்தது. இப்போது செல்போன். எது மாறினாலும் வேலை செய்கிற விதம் மாறவில்லை. ஒருவன் நெருக்குவான், ஒருத்தி துண்டாலோ பையாலோ கைக்குழந்தையாலோ மறைப்பாள், ஒருவன் எடுப்பான், எடுத்த மாத்திரத்தில் அது நாலாவது ஆளிடம் போய்விடும். பிடிபட்டவன் மடியைத் தடவிப் பார்த்தால் ஒன்றும் இராது. இத்தனைக்கும் முதலில் அவர்களுக்கு வேண்டியது உங்கள் நகையல்ல, உங்கள் கவனம். தீபாராதனைச் சமயத்தை யோசித்துப் பாருங்கள். இரண்டு கைகளும் தலைக்கு மேலே, கண்கள் மூடியபடி, வாயில் கோஷம், முதுகில் நூறு பேருடைய நெருக்கல்! இதைவிடச் சௌகரியமான வேளை திருடனுக்கு எங்கே கிடைக்கும்? அவனுக்கு நேரம் தெரிவிக்க மணியும் அடிக்கிறார்கள்.

இது கோவிலுக்கு மாத்திரம் உரியது என்று நாம் சொல்ல வரவில்லை. மாநாட்டுப் பந்தலில் கைதட்டுகிறவன் பையும் போகிறது. திருவிழா பஸ்ஸில் முண்டியடித்து ஏறுகிற படிக்கட்டிலும் போகிறது. ஜேப்படிக்காரனுக்கு ஆஸ்திகன், நாஸ்திகன் என்ற பேதம் கிடையாது. நம்மில் சிலருக்கு இருக்கிற ஜாதி பேதமும் அவனுக்குக் கிடையாது.

ஆனால் கடவுள் காப்பார் என்று சொல்லுகிறவர்கள், அந்தக் கடவுளை யார் காக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? உண்டியலுக்குப் பூட்டும் சீலும். அதைத் திறந்து எண்ணுகிற நாளில் அறநிலையத்துறை அதிகாரிகள் முன்னிலை. சாமி சிலைகள் களவு போவதைக் கண்டுபிடிக்கவென்றே தமிழ்நாட்டுப் போலீசில் 1983 முதல் தனிப் பிரிவு. அரியலூர்ப் பக்கத்து ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாக் காட்சிசாலை வரையில் போய், 2014 இல் திரும்பி வந்தாரே, தாமாக நடந்தா வந்தார்? கோவில் நிர்வாகிகள் தங்கள் சாமியை நம்பாமல் பூட்டை நம்புகிறார்கள். அது புத்திசாலித்தனம் என்றே நாம் சொல்லுவோம். அதே புத்தி பக்தனுக்கு ஏன் கூடாது?

போலீசார் இருக்கிறார்களே என்பீர்கள். 2019 இல் காஞ்சிபுரம் அத்திவரதருக்கு 48 நாள்களில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் போனார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். தலைக்கொரு போலீஸ் போட எந்த சர்க்காரால் முடியும்?

ஆகையால் கூட்டத்திற்குப் போகிறவர்கள் நகையை வீட்டில் பூட்டிவிட்டுப் போவதே மேல். கழற்ற மனமில்லையென்றால், சங்கிலியை ரவிக்கையோடு ஊக்குக் குத்தி முந்தானையால் கழுத்தைச் சுற்றிக் கொள்ளட்டும். பஸ் காசுக்குச் சில்லறை தனியாகவும், மற்றது உள்ளேயும் இருக்கட்டும். கீழே காசு கிடக்கிறது என்றோ, சட்டையில் அசிங்கம் பட்டிருக்கிறது என்றோ ஒருவன் கரிசனத்தோடு சொன்னால், குனிவதற்கு முன் சங்கிலியில் கை போகட்டும். "அங்கே திருட்டு நடக்கிறது, நகையைக் கழற்றுங்கள், காகிதத்தில் மடித்துத் தருகிறேன்" என்று வருகிறவன் எந்த உடுப்பில் வந்தாலும் போலீஸ்காரன் அல்ல. வீட்டில் போய்ப் பிரித்தால் உள்ளே கல் இருக்கும்.

இனி, பறிகொடுத்த பிறகு நடக்கிற கூத்துதான் நமக்கு அதிக வருத்தந் தருகின்றது. போனது தாலிச் சங்கிலியாயிருந்தால், அது புருஷன் உயிருக்கு ஆபத்தாம். அவள் தரித்திரம் பிடித்தவளாம்! திருடியவனை விட்டுவிட்டுத் திருட்டுக் கொடுத்தவளை மாமியாரும் புருஷனும் வைகிறார்கள். இதற்குப் பயந்து எத்தனை பெண்கள் மஞ்சள் கயிற்றை வாங்கிக் கட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள்! அந்த மௌனம்தான் திருடனுக்கு முழுப் பாதுகாப்பு. இன்னும் சிலர் வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கிறவனிடம் ஓடுகிறார்கள். அவன் நூறோ இருநூறோ வாங்கிக் கொண்டு, "கறுத்த ஆள், வடக்கேயிருந்து வந்தவன்" என்கிறான். உடனே ஊசி பாசி விற்க வந்த ஏழைகள் மேல் அடி விழுகிறது. பிறப்பிலேயே திருடர் என்று சில ஜாதிகளுக்குப் பட்டம் கட்டிய குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1947 லேயே ஒழித்துவிட்டது. நம் ஜனங்கள் மனதில் மாத்திரம் அது இன்னும் அமுலில் இருக்கின்றது.

மைக்காரனுக்குக் கொடுக்கிற நேரத்தைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொடுக்கட்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய நடைமுறைச் சட்டத்தின் 173 ஆவது பிரிவுப்படி, சங்கிலி பறிப்பு எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். இருக்கன்குடியில் போனதற்குக் கோவில்பட்டியிலேயே எழுதிக் கொடுக்கலாம். "எங்கள் எல்லையல்ல" என்று திருப்பியனுப்ப முடியாது. முதல் தகவல் அறிக்கையின் நகலுக்குக் காசில்லை. செல்போன் போயிருந்தால் அதன் 15 இலக்க எண்ணைக் கேட்பார்கள். அது வாங்கின பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும். நகைக்கு எடையும் அடையாளமும் கேட்பார்கள். அடகுச் சீட்டில் எடை எழுதியிருக்கும். மாசியில் நகையை மீட்கிறபோது, சீட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் அதையும் நகையையும் சேர்த்து ஒரு படம் எடுத்து, வீட்டில் இருக்கிற வேறொருவர் செல்போனிலும் போட்டு வைக்கட்டும்.