அணி முன்னே நிற்க!

மொழிக்குப் புது நெறி வகுக்க முனைவோர் முதலில் மூன்று வினாக்களுக்கு விடையிறுத்தல் வேண்டும். இதற்குத் தேவை யாது? இஃது எங்கு நிற்கும்? இதனால் இழப்பெய்துவோர் யாவர்? மாந்தர் பேசும் மொழிக்கு மட்டுமன்று. கணிப்பொறிக்குக் கட்டளையிடும் நிரல்மொழிக்கும் இதுவே அளவுகோல்.

பைத்தான் என்னும் நிரல்மொழியில் நிகழ்ந்த சொற்போர் இதற்கு நல்ல சான்று. ஒரு செயற்கூற்றை எழுதி முடித்தபின் அதன் இயல்பை மாற்ற விரும்பினால், அதனை மற்றொரு செயற்கூற்றினுள் இட்டு, வருவதை மீண்டும் அதே பெயருக்கு உரியதாக்குவது அம்மொழியின் பழைய வழக்கம். இதனால் ஒரே பெயரை மும்முறை எழுத நேர்ந்தது. எழுதுவோன் துன்பம் சிறிது; படிப்போன் ஏமாற்றமே பெரிது. தலையில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது, பல வரி கடந்து வாலில் வேறொன்றாகிவிடுகின்றது! இடையிற் படிப்போன் பிழைபட உணராதிருப்பது எங்ஙனம்?

இக்குறை களைய 2003 சூன் திங்களில் 318ஆம் முன்மொழிவு எழுந்தது. செயற்கூற்றின் இயல்பை மாற்றும் அவ்வுறுப்புக்கு அணி என்று பெயர். அணிக்குத் தனி வடிவம் தேவை என்பதில் பலரும் ஒத்தனர். எங்கு, எவ்வடிவில் என்பதிலேயே பிணங்கினர். மின்னஞ்சல் முகவரியின் நடுவே நிற்கும் சுழிக்குறியைச் செயற்கூற்றின் முன்வரியில் இடும் வடிவத்தைத் தேர்ந்தார், அம்மொழியைப் படைத்த கைடோ வான் ரோசம். குறி வேண்டா, சொல்லே வேண்டும் என்றோர், ஒரு சொல்லைத் தலையாகக் கொண்ட உள்தள்ளிய பத்தியை 2004இல் மாற்றாக வைத்தனர். அவர் ஏற்கவில்லை. உள்தள்ளிய பத்தி என்றால் கட்டளைகளின் வரிசை என்றே எவரும் கருதுவர். இதுவோ அன்னதன்று என்பது அவர் கூறிய கரணியங்களுள் ஒன்று.

எதிர்த்தோர் கூற்றிலும் உண்மை உண்டு. குறி தன் பொருளைத் தானே உரைக்காது. எனினும், புதுச் சொல்லொன்றை மொழிக்கென ஒதுக்கின், அதனை முன்பே பெயராக ஆண்ட நிரல்கள் முறியும். அம்மொழியில் அதுவரை எவரும் ஆளாத குறியோ எவர் உடைமையையும் பறிப்பதில்லை. அக்குறியே 2004 நவம்பர் 30இல் வெளிவந்த 2.4ஆம் பதிப்பில் இடம்பெற்றது.

நான்காவது வினாவும் ஒன்றுண்டு: தவறெனில் மீட்க இயலுமா? குறிக்குப் பின் விரும்பியதெல்லாம் எழுத அன்று இசைவில்லை. பெயரும் அதன் அழைப்புமே எழுதலாம். 2020இல் 3.9ஆம் பதிப்பில்தான் அக்கட்டுத் தளர்ந்தது. விரித்தல் என்றும் எளிது. வழங்கியதை மீட்டலோ எண்ணற்ற நிரல்களை முறிக்கும்.

புது நெறி கேட்போரே, தேவையைக் காட்டுக! அணியை முன்னே நிறுத்துக! பிறர் ஆளும் பெயரைப் பறியற்க! குறுகத் தொடங்குக! படிப்போனை ஏய்க்கும் மொழி, எத்துணைச் சுருக்கமுடையதாயினும், நன்மொழி ஆகாது.